கவனக்குறைவு

விபத்து நடந்து ஏழு வாரம் கழித்துத்தான் கட்டிங்காரர் யார் உதவியும் இல்லாமல் தன் சட்டைப் பொத்தான்களைப் போட்டார். ஆறு பொத்தான். இருபது நிமிடம் ஆயிற்று. இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளி, நழுவி, மறுபடி பிடித்து, கடைசிப் பொத்தான் ஓட்டைக்குள் போனபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வலது கை மடியில் கிடந்தது. அதில் கட்டை விரல் மட்டும் மிச்சம்.

அவர் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொத்தானை எடுத்துட்டு ஒட்டுற பட்டை வச்சுத் தரட்டுமா?"

"நான் என்ன எல்கேஜி பிள்ளையா?"

"எல்கேஜி பிள்ளைங்க இதைவிடச் சீக்கிரம் போட்டுக்குது."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் ஏழு வாரத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

அவர் வேலை பார்த்தது அட்டைப் பெட்டிக் கம்பெனியில், கட்டிங் பிரிவில். விரித்த அட்டையை வெட்டு மிஷினின் வாய்க்குள் வைத்தால் இரும்புத் தட்டு வந்து அழுத்தும். பெட்டியின் வடிவத்தில் அட்டை வெட்டுப்பட்டு வெளியே வரும். பதினாறு வருடம் அந்த மிஷினோடு நின்றவர். ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, சற்றே மடங்கிய அட்டையைச் சரி செய்யக் கையை நீட்டினார். தட்டு காத்திருக்கவில்லை.

பொத்தான் போட்ட அன்று மாலை போதகர் வந்தார். நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் மூன்று வாரமும் தினம் வந்து உட்கார்ந்தவர், ரத்தம் கொடுக்க ஆள் திரட்டியவர். தையல்காரி தேநீர் போட்டு, பிரெட்டில் வெண்ணெய் தடவி வைத்தாள். போதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் நுனியில் உட்கார்ந்தாலே ஏதோ சங்கடமான விஷயம் இருக்கிறது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, நல்ல செய்தியோடதான் வந்திருக்கேன். வர்ற சனிக்கிழமை சபை விற்பனை இருக்கில்ல? இந்த வருஷம் சேர்ற பணம் மொத்தமும் உங்க ஆபரேஷனுக்குத்தான். கமிட்டியில ஒருமனசா முடிவு பண்ணியாச்சு."

ஆபரேஷன் என்றால் காலில் இருந்து ஒரு விரலை எடுத்துக் கையில் வைப்பது. கட்டை விரலுக்கு எதிரே ஒரு விரல் நின்றால் எதையும் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான செலவைக் கேட்ட நாளில் இருவரும் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடுவரை நடந்தே வந்திருந்தார்கள்.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்றார் கட்டிங்காரர்.

"இன்னும் இருக்கு. விற்பனையில எவ்வளவு சேருதோ, அதே அளவு தன் கையிலேர்ந்து போடறேன்னு உங்க முதலாளி சொல்லிட்டார். விற்பனையைத் திறந்து வைக்கவும் அவரே வர்றார்."

முதலாளியும் அதே சபைதான். முதல் வரிசையில் உட்காருவார். கம்பெனியில் அவரை முதலாளி என்பார்கள், சபையில் பிரதர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரதர் என்று கூப்பிட்ட வாய், திங்கட்கிழமை காலையில் தானாக முதலாளிக்கு மாறிவிடும்.

போதகர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "இதுல ஒரு கையெழுத்து மட்டும். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு."

தையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். 'எனது சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட இவ்விபத்துக்கு நிறுவனம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. நிறுவன உரிமையாளர் மனிதாபிமான அடிப்படையில் வழங்கும் உதவியை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன். இது குறித்து எந்த அலுவலகத்திலும் முறையிட மாட்டேன்.' கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் அவள் புருஷனின் முழுப் பெயர், தப்பில்லாமல்.

"கையெழுத்து எந்தக் கையால போடணும்ங்கய்யா?"

போதகர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்.

"நீ சும்மா இரு," என்றார் கட்டிங்காரர். "கட்டை விரல் இருக்கில்ல, ரேகை வச்சுடறேன். மை டப்பா கொண்டுவந்திருக்கீங்களாய்யா?"

"அவசரம் இல்ல தம்பி. சனிக்கிழமை காலையில கொடுத்தாப் போதும். படிச்சுப் பார்த்து..."

"படிச்சாச்சுங்க," என்றாள் அவள். மேற்கொண்டு பேசினால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

போதகர் போன பிறகு வீட்டில் இடி இறங்கியது.

"நன்றி சொன்னீங்களே, எதுக்கு நன்றி? விரலை எடுத்ததுக்கா?"

"ஏய், மெதுவாப் பேசு. எனக்கு வேற வழி என்ன இருக்கு சொல்லு. நீ ராப்பகலா சட்டை தைச்சாலும் அந்தப் பணம் சேருமா?"

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கான். உங்களுக்கா கவனக்குறைவு? வீட்டுல கேஸை மூடினேனான்னு நாலு தடவை எழுந்து பார்க்கிற மனுஷன் நீங்க!"

அந்த நேரத்தில் சின்னவள் வந்தாள். கட்டிங்காரரின் தங்கை, அதே கம்பெனியில் ஒட்டுப் பிரிவில் வேலை. வாசலில் நுழையும்போதே பசை வாடை அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் விரல் நுனிகளில் காய்ந்த பசை செதில் செதிலாக உரிந்துகொண்டே இருக்கும். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு மாதா மாதம் வந்த நிலையான சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

"நீ சொல்லு," என்று அவள் பக்கம் திரும்பினாள் தையல்காரி. "மிஷின் வாய்க்கு முன்னால கம்பித் தடுப்பு ஒண்ணு இருந்துச்சுல்ல? அதை மூடாம மிஷினை ஓட்டக்கூடாதுன்னு உங்க அண்ணன் சொல்வாரே. அது இப்ப எங்க?"

சின்னவள் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"அவரைப் பார்க்காத. என்னைப் பாரு."

"மாடிப்படிக்குக் கீழ கிடக்கு அண்ணி. மை டின்னுக்குப் பின்னாடி. எட்டு மாசமா அங்கதான் கிடக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"யாரு கழட்டச் சொன்னது?"

"பெரிய ஆர்டர் வந்துச்சு. ஒவ்வொரு அட்டைக்கும் தடுப்பைத் தூக்கி மூடினா வேலை ஓடாதுன்னு முதலாளியே வந்து நின்னு..."

"வாயை மூடு!" கட்டிங்காரர் எழுந்துவிட்டார். "உன் வேலையும் போகணுமா? அப்புறம் மூணு பேரும் இந்தத் துணியைத் தின்னு வாழலாமா?"

"அண்ணா, நீ திருப்பி மாட்டச் சொல்லி ரெண்டு தடவை கேட்டியே. 'உனக்குக் கண்ணு இல்லையா'ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும்..."

கட்டிங்காரர் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. போதகருக்கு வைத்த பிரெட் தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. சபைக் கூடத்தின் சமையலறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலையாக இருந்தார்கள். மூன்று அடுப்பிலும் கேக் வெந்தது. ஒருத்தி எலுமிச்சைத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள், ஒருத்தி ஜாம் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் தலைவி ரொட்டிக்கடை அம்மா. முழங்கை வரை மாவு. சத்தமில்லாமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். சபையில் ஒலிபெருக்கி பழுதானால் அவளைக் கூப்பிட்டால் போதும் என்பார்கள்.

இருபது வருடமாக இந்த விற்பனை நடக்கிறது. முதியோர் இல்லத்துக்குப் படுக்கை, வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குப் போர்வை, அப்பா இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்று இந்தப் பெண்களின் கையால் எத்தனையோ நடந்திருக்கிறது. தையல்காரியும் வருடா வருடம் வந்து வேலை செய்தவள்தான். அதனால் அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எதுக்கும்மா வந்த? வீட்டுல இரு, நாங்க பார்த்துக்கறோம்."

"சும்மா இருக்க முடியல. ஏதாவது வேலை குடுங்க."

மூலையில் தட்டையான அட்டைகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. கேக் வைக்கும் பெட்டிகள், மடித்தால் போதும். முதலாளியின் அன்பளிப்பு.

அவள் ஒன்றை எடுத்தாள். மடிப்புக் கோட்டை நகத்தால் அழுத்தினாள். வெட்டு ஓரத்தில் விரலை ஓட்டினாள். இரண்டு வருடம் முன்பு இதே மாதிரிப் பெட்டியை அவள் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்து, "பிசிறே இல்லாம விழுந்திருக்கு பாரு" என்று காட்டியிருக்கிறார். ஆறு பெட்டி மடித்தாள். ஏழாவதை எடுத்தபோது கை நின்றுவிட்டது.

"அக்கா, இந்தப் பெட்டியில நான் கேக் வைக்க மாட்டேன்."

"ஏன், ஈரமா இருக்கா?" என்றாள் ரொட்டிக்கடை அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

"இது அவர் விரல் போன மிஷின்ல வெட்டினது."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அதுக்கு?" ரொட்டிக்கடை அம்மா திரும்பினாள். "முந்நூறு கேக்கை என் தலையில வச்சா விப்பேன்? நாலு நாளா அடுப்புல வெந்துட்டிருக்கேன். யாருக்காக? உன் புருஷனுக்காக. கொடுக்கிற மனுஷன் பெட்டியும் கொடுத்து, பணமும் போடறேங்கறார். இதுல குத்தம் சொன்னா எப்படிம்மா? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின.

தையல்காரி கைப்பையிலிருந்து தாளை எடுத்து மாவு மேஜையில் வைத்தாள். "நன்றியையும் அவரே எழுதி அனுப்பியிருக்கார். படிங்க."

ரொட்டிக்கடை அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். 'எந்த அலுவலகத்திலும் முறையிட மாட்டேன்' என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரல் இறங்கி யாரும் கேட்டதில்லை.

"இதை யாரு கொண்டுவந்தது?"

"போதகர்."

"ஐயா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்த போதகர் ஒயரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"இது என்னங்கய்யா?"

போதகர் தாளைப் பார்த்தார், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "எனக்கு அந்தத் தம்பி கை சரியாகணும், அவ்வளவுதான். வழக்குன்னு போனா அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ. அதுவரைக்கும் இந்தக் குடும்பம் எப்படி இருக்கும்? பணம் இன்னைக்கு வருது, வாங்கிக்கலாமேன்னு நினைச்சேன். தப்பா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தையல்காரிக்கு இன்னும் எரிந்தது.

"ஐயா, அந்த மிஷின் முன்னாடி இப்ப வேற ஒருத்தர் நிக்கிறார். ரெண்டு பிள்ளைங்க அவருக்கு. தடுப்பு இன்னும் மாடிப்படிக்குக் கீழதான் கிடக்கு. நாளைக்கு அவர் கை போனா, அடுத்த வருஷம் அவருக்கும் கேக் விப்பீங்களா?"

தையல்காரி நிறுத்தவில்லை.

"நியாயத்தைப் பத்தி மூணு வாரம் பிரசங்கம் பண்ணினீங்க. நான் முதல் ஆளா வந்து உட்கார்ந்து கேட்டேன். அது எங்களுக்கு மட்டும்தானா? முதல் வரிசைக்குக் கேட்காதா?"

"அம்மா, கொஞ்சம் மேல பாருங்க," என்றார் போதகர் களைப்பாக. "இந்தக் கூரை அவர் போட்டது. நீங்க நனையாம நிக்கிறது அவரால."

"கூரையைப் போடும்போது நம்ம வாயையும் சேர்த்து மூடிட்டாரா?" இதைச் சொன்னது ரொட்டிக்கடை அம்மா. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாவு இன்னும் அப்பிக்கொண்டது. "வருஷத்துக்கு ஒரு கைன்னு வச்சுக்கிட்டா நமக்கு விற்பனைக்குக் காரணம் தேட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஏய், யாராவது வந்து இந்த அட்டையெல்லாம் தூக்கி வெளியில வைங்கடி! எல்லாருக்கும் போன்ல சொல்லுங்க, நாளைக்குக் கேக் வேணும்னா பாத்திரத்தோட வரணும்னு."

போதகர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கூடத்துக்குத் திரும்பிப் போனார். அவர் எந்தப் பக்கம் என்று மறுநாள் காலை வரை யாருக்கும் தெரியாது. அவருக்குமே தெரிந்திருக்காது.

சனிக்கிழமை மழை விடவில்லை. ஆனாலும் ஜனம் வந்தது. டிபன் டப்பா, சாப்பாட்டுத் தட்டு, பிடி உடைந்த குண்டான், ஒருவர் பிள்ளையின் பென்சில் டப்பாவைக்கூடக் கொண்டுவந்திருந்தார். ரொட்டிக்கடை அம்மா அதைப் பார்த்து, "இதுக்குள்ள கேக் வைக்கணும்னா முதல்ல கேக்கைச் சீவணும்" என்று சொன்னதும் வரிசையே சிரித்தது.

பத்து மணிக்கு முதலாளியின் கார் வந்தது. வெள்ளைச் சட்டை, குடை பிடிக்க ஓர் ஆள். மேஜைகளைப் பார்த்தார், ஜனங்களின் கைகளில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தார், கூடத்துக்கு வெளியே தார்ப்பாயின் கீழ் நனைந்துகொண்டிருந்த தன் அட்டைகளையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போதகர் மைக்கைப் பிடித்தார்.

"இன்னைக்குச் சேர்ற பணம் நம்ம தம்பியோட ஆபரேஷனுக்கு. அதோட... தொழிலாளர் அலுவலகத்துல புகார் கொடுக்கிறதுக்கும், வக்கீல் செலவுக்கும் சேர்த்து. நம்ம பிரதர் இதே அளவு தர்றேன்னு சொல்லியிருக்கார். அதோட வந்த கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்கிறேன். அதை நான் கொண்டுபோயிருக்கக் கூடாது. கடிதம் இல்லாம பிரதர் பணம் கொடுத்தா, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறோம்."

ரெண்டு கை என்று சொல்லிவிட்டு அவரே நிறுத்திவிட்டார்.

முதலாளி மேடை ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார். சத்தம் போடவில்லை. "உதவி பண்ண வந்தவனை இப்படி நிக்க வைக்கிறீங்க. பரவாயில்ல. ஒரே ஒரு கேள்வி. அதே மிஷின், அதே ஆள். பதினாறு வருஷம் ஒண்ணும் ஆகலையே, ஏன்? கவனமா இருந்தார், ஆகல. ஒருநாள் கவனம் தப்புச்சு, ஆயிடுச்சு. இதுல என் தப்பு என்ன?"

கட்டிங்காரர் கடைசித் தூணோரம் நின்றிருந்தார். வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், கடைசி நிமிடத்தில் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. மனைவி தன்னைப் பேசச் சொல்லிவிடுவாளோ என்று வழியெல்லாம் பயந்திருந்தார். அவள் எதுவும் சொல்லவில்லை.

"பதினாறு வருஷம் தடுப்பு இருந்துச்சு முதலாளி," என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"எந்தத் தடுப்பு?" என்றார் முதலாளி.

"மாடிப்படிக்குக் கீழ, மை டின்னுக்குப் பின்னாடி கிடக்கே, அந்தத் தடுப்பு." சின்னவளின் குரல். தேநீர்க் கெட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். "நீங்க பக்கத்துல நின்னு கழட்டச் சொன்னது."

முதலாளி அவளைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"ஒட்டுப் பிரிவு. ஆறு வருஷமா இருக்கேன். உங்களுக்குத் தெரியாது."

முதலாளி குடைக்காரனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார். அவரோடு மூன்று குடும்பங்கள் எழுந்து போயின. போகிற போக்கில் ஒருவர், "கேக் விக்கிற இடத்துல கட்சி நடத்துறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கையில் வாங்கிய கேக் இருந்தது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விற்பனைப் பணம் ஆபரேஷன் செலவில் பாதிக்குக்கூட வரவில்லை. திங்கட்கிழமை காலை சின்னவளைக் கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரொட்டிக்கடை அம்மா அவளைத் தன் கடையில் சேர்த்துக்கொண்டாள். சம்பளம் முன்னைவிடக் குறைவு, திட்டு அதிகம். போதகருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் தையல்காரி ஒன்பது தடவை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு நாற்காலியைக் காட்டினார்கள். சின்னவள் வேலை போன ஆத்திரத்தில் கட்டிங்காரர் மூன்று வாரம் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "திருப்தியா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். அவள் அழவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண்கள் மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கூடத்து வாசலில் ரொட்டி விற்றார்கள். ஆறு மாதம். பணம் சேர்ந்து ஆபரேஷன் நடந்தது. கால் விரல் கையில் ஒட்டிக்கொண்டது. வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, வெட்டு மிஷினில் கட்டிங்காரரின் இடத்துக்கு வந்திருந்த ஆள் வீடு தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"அண்ணே, லேபர் ஆபீசர் வந்து பார்த்துட்டுப் போனார். நேத்து தடுப்பை மாட்டிட்டாங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

கட்டிங்காரர் எழுந்து அவர் தோளைப் பிடித்தார். "நல்லது. ரொம்ப நல்லதுப்பா. உள்ள வா."

தையல்காரி சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள். "மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அதுவா? நாலு ஸ்க்ரூதான் அண்ணி. நாங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மாட்டிட்டாங்க."

மிஷின் நின்றது.

அவள் எழுந்து வந்தாள். "கையைக் காட்டுங்க."

அவர் புரியாமல் இரண்டு கையையும் நீட்டினார். அட்டைத் தூசி, நகக்கண்ணில் மை, பத்து விரல். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பார்த்தாள்.

"டீ குடிக்கிற நேரம்," என்றாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்துச் சுவரில் அடித்தாள். "டீ குடிக்கிற நேரம்ங்க!"

விபத்து நடந்த நாளிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். வந்தவர் நீட்டிய கைகளை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.